படத்தில் காலி இடம்

லேயர் அக்காவிடம் ஒரு படத்தைக் கொடுத்து எழுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள். உடனே போட்டுவிட மாட்டாள். படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஓரத்திலிருந்து ஓரம் வரை கண்ணை ஓட்டிவிட்டு, "இந்தக் கை யாரோடது? பின்னாடி பாதி தெரியுறது யாரு? மடியில இருக்கிறது பையா, துணியா, வேற ஏதாவதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அவசரத்தில் வந்தவர்களுக்கு எரிச்சல் வரும். "எழுத்துப் போடச் சொன்னா போலீஸ் மாதிரி விசாரிக்கிறியேம்மா" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. அவள் கோபித்துக்கொள்வதில்லை. பதில் வரும் வரை மவுஸைத் தொட மாட்டாள், அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை அவள் இப்படி இல்லை. அந்த வட்டாரத்திலேயே அவளைப் போல விரைவாக எழுத்துப் போடுகிறவர் கிடையாது. படம் உள்ளே போன சூட்டோடு எழுத்தோடு வெளியே வந்துவிடும். அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த வேகம்தான். அவளைக் கவிழ்த்ததும் அதுதான்.

அவள் வேலை பார்க்கும் இடத்தைக் கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகப்படி. பெரிய ஆஸ்பத்திரியின் பக்கவாட்டு கேட்டுக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே கிடைத்த பொந்து. நிமிர்ந்து நின்றால் தலை படியில் இடிக்கும். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு ஸ்டூல். முதலாளி எச்சில் கையால் காக்காய் விரட்டாதவர். மெஷினில் சிக்கிக் கசங்கிய காகிதத்தைக்கூட நீவி நீவி மறுபடி உள்ளே விடுவார். படத்தில் எழுத்துப் போடும் வேலையும் தன் கடைக்கு வரட்டும் என்று ஒருநாள் அவருக்கு ஆசை வந்தது. அதற்கான மென்பொருள் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வந்தவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் வந்து, "சும்மாவே ஒண்ணு கிடைக்குதாம். இறக்கிக்கோ. கத்துக்கிறது உன் பாடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அவள் பாடுதான் ஆனது. பன்னிரண்டாவது வரை படித்தவள். டைப்பிங் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, என்ன ஆகிறது என்று பார்த்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்தாள். முதல் மாதம் அவள் போட்ட எழுத்தெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. இலவசத் தமிழ் எழுத்துருக்களைத் தேடிப் பிடித்து இறக்கிய பிறகுதான் எழுத்து எழுத்தாக நின்றது. வெள்ளைச் சட்டை மேல் வெள்ளை எழுத்துப் போட்டால் கரைந்துபோகும், சுற்றிக் கறுப்புக் கோடு கொடுத்தால் பிழைக்கும் என்பதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

எல்லாவற்றையும் விட அவளை மயக்கியது லேயர்தான். படத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை விரித்து, அந்தத் தாளில் எழுதுவது போல. எழுத்து பிடிக்கவில்லையா, தாளைத் தூக்கிவிடலாம். கீழே படம் அப்படியே இருக்கும். வாழ்க்கையில் எதைத் தொட்டாலும் கறை படிகிறவளுக்கு இது பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். "மாத்த முடியுமாம்மா?" என்று யார் கேட்டாலும், "லேயர்லதான் இருக்கு, பயப்படாதீங்க" என்பாள். ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னால் ஊர் சும்மா விடுமா? லேயர் அக்கா ஆகிவிட்டாள்.

வருகிற வேலையெல்லாம் பெரிய கலை ஒன்றும் இல்லை. வீடு வாடகைக்கு, கார் விற்பனைக்கு, டியூஷன் எடுக்கப்படும். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் தினமும் காலையில் வந்து, தன் படத்தின் மேலேயே 'காலை வணக்கம்' போட்டு வாங்கிப் போவார். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவாராம். "ஒரே படம்தானே சார், ஒரு தடவை போட்டா போதாதா?" என்று அவள் கேட்டதற்கு, "நேத்தைக்கு வச்ச வணக்கத்தை இன்னைக்கு வைக்கலாமா?" என்றார். இவை போக, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் கடையில்லையா, வேறு வகை வேலைகளும் வரும். ரத்தம் தேவை. உதவி தேவை. காணவில்லை. அவற்றை எழுதும்போது அவள் படத்தில் இருப்பவர்களின் முகத்தை அதிக நேரம் பார்க்க மாட்டாள். பார்த்தால் வீட்டுக்குப் போயும் கண்ணுக்குள் நிற்கும்.

அவள் பார்ப்பது வேறொன்றை. படத்தில் காலி இடம் எங்கே இருக்கிறது? அதுதான் அவள் தொழிலின் முதல் கேள்வி. வானம் இருக்கிறதா, சுவர் இருக்கிறதா, வெள்ளைச் சட்டை இருக்கிறதா? மற்றவர்கள் ஒரு படத்தில் ஆளைப் பார்த்தால் இவள் ஆள் இல்லாத பகுதியைப் பார்ப்பாள். பஸ்ஸில் எதிரே நிற்பவரின் முதுகைப் பார்த்தால்கூட, இதில் நான்கு வரி வைக்கலாம் என்று தோன்றும் அளவுக்கு அது ஊறிப்போயிருந்தது.

வீடு, ஒரு அறையும் சமையலறையும். கணவர் ஒரு குடோனில் இரவுக் காவலாளி. பகலெல்லாம் தூங்குவார். அதனால் அவளும் மகளும் பதினைந்து வருடமாக வீட்டுக்குள் கிசுகிசுத்தே பேசிப் பழகிவிட்டார்கள். பாத்திரத்தைக்கூடப் பதுங்கிப் பதுங்கித்தான் வைப்பார்கள். அவள் வீடு திரும்பும் நேரம் அவர் கிளம்பும் நேரம். "சாப்பாடு மூடி வச்சிருக்கு", "கேஸ் தீரப் போகுது": இதற்கு மேல் இருவரும் பேசிக்கொண்டது எப்போது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சண்டை இல்லை. சண்டை போட நேரம் வாய்க்கவில்லை. மகள் கல்லூரியில் முதல் வருடம். அம்மா செய்யும் வேலையில் அவளுக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

இந்த நிலையில்தான் ஒருநாள் காலை தையல்காரர் கடைக்கு வந்தார்.

அவரை அவளுக்கு முன்பே தெரியும். இரண்டு தெரு தள்ளி, ஒரு துணிக்கடை வாசலில் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர். மகளின் பள்ளிச் சீருடையை வருடா வருடம் பிரித்து இறக்கிக் கொடுத்தவர். நெட்டையான ஆள். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். அன்றும் தொங்கியது. ஆனால் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். ஊருக்கெல்லாம் பொத்தான் தைப்பவர் பொத்தானை மாற்றிப் போட்டு வந்தபோதே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"வீட்டுக்காரியைக் காணோம்மா" என்றார். "நேத்து மத்தியானத்துல இருந்து."

அவர் மனைவிக்கு மூன்று வருடமாகவே மனசு நிலையில் இல்லை என்பது தெருவுக்குத் தெரியும். பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று எழுந்து போய்விடுவாள். முந்தின நாள் தைத்த துணியைக் கொடுக்க அவர் தூரம் போயிருந்தார். திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. வழக்கமாக அவளிடம் கொடுத்துவிட்டுப் போகும் போனை அன்றைக்குக் கூடவே எடுத்துப் போய்விட்டேன் என்று இரண்டு தடவை சொன்னார். ஏன் அதைச் சொல்கிறார் என்று லேயர் அக்கா யோசிக்கவில்லை. பின்னால் ஐந்து பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார்.

போனில் ஒரே ஒரு படத்தைக் காட்டினார். "முகம் தெளிவா இருக்கிறது இது ஒண்ணுதான்."

ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நேராகப் பார்க்கிறாள். அகலமான முகம், லேசான சிரிப்பு. கழுத்துக்குக் கீழே, மடியில், வெள்ளையாக ஏதோ துணி. லேயர் அக்காவின் கண் பழக்கப்படி அங்கே போய் நின்றது. நல்ல இடம். தாராளமான இடம். இப்படி ஒரு படம் அமைவது அபூர்வம் என்றுகூட நினைத்தாள்.

போனைக் கேபிளில் மாட்டி, படத்தை அங்கிருந்தே நேராகத் திறந்தாள். மடியின் மேல் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை சிவப்புப் பட்டை ஒன்று இழுத்தாள். ஊடே தெரிகிற மாதிரி மெல்லிய பட்டை போடலாம்தான். ஆனால் ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாம் சாம்பலாகி எழுத்து செத்துவிடும். அதனால் கெட்டிச் சிவப்பு. அதன் மேல் வெள்ளையில் 'காணவில்லை', கீழே வயது, உயரம், பச்சைச் சேலை, போன் நம்பர். அவர்கள் கடை மெஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம், காகிதத்தின் கீழ் ஓரத்தை விரல் அகலத்துக்குத் தின்றுவிடும். எனவே பட்டையை அடி ஓரத்தோடு ஒட்டாமல் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தாள்.

தையல்காரர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பட்டை விழுந்ததும் அவர் கை தானாக முன்னால் வந்தது.

"ம்மா, அங்க..."

"என்னண்ணே?"

"அது மேல எழுத்து வந்துருச்சே."

"இப்ப ஆள் கிடைக்கிறதுதானே முக்கியம்? அப்புறம் எடுத்துடலாம். லேயர்லதான் இருக்கு."

"எடுத்துடலாம்ல?"

"கண்டிப்பாண்ணே."

அவர் தலையாட்டினார். அவள் சொன்னது பொய் இல்லை. அந்த நிமிடத்தில் அது உண்மைதான். எழுத்தும் படமும் தனித்தனித் தாளாக இருக்கும் கோப்பு ஒன்றைக் கம்ப்யூட்டரில் சேமித்தாள். போனில் மட்டும், பழைய படத்தின் மேலேயே புதியதை எழுதிவிட்டாள். வேறு பெயரில் போட்டால் அது போனுக்குள் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளும். பதற்றத்தில் இருப்பவர்கள் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள். எடுத்த இடத்திலேயே வைத்தால் கண்ணில் படும். எல்லோருக்கும் அப்படித்தான் செய்வாள். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

இருநூறு பிரதி எடுத்துக்கொண்டு தையல்காரர் ஓடினார். சாயங்காலம் கடை மூடும்போது அவள் அன்றைய கோப்புகளையெல்லாம் அழித்தாள். பழைய கம்ப்யூட்டர், இடம் இல்லை. தினமும் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது முதலாளி சட்டம். அந்தச் சட்டத்தைப் பதினொரு வருடமாகக் காப்பாற்றி வந்தவள், அன்றும் காப்பாற்றினாள். விரல் தானாகச் செய்தது. காலையில் கொடுத்த வாக்கு நினைவிலேயே இல்லை.

நான்காம் நாள் ஆள் கிடைத்துவிட்டாள். ஊரின் மறுகோடியில் இன்னோர் ஆஸ்பத்திரி, அங்கே குழந்தைகள் வார்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தாளாம். எதிரே டீக்கடை வைத்திருப்பவர் கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து போன் பண்ணியிருக்கிறார். தையல்காரர் நேராகக் கடைக்கு வந்து, "உன் எழுத்துதாம்மா அவளைக் கொண்டுவந்து சேர்த்துச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். லேயர் அக்காவும் பதிலுக்குக் கும்பிட்டாள். இத்தனை வருடத்தில் தன் எழுத்தால் ஒன்று நடந்தது என்று யாரும் வந்து சொன்னதில்லை. வீட்டுக்குப் போய், கிளம்பிக்கொண்டிருந்த கணவரை வாசலில் நிறுத்திச் சொன்னாள். "நல்ல காரியம்" என்றார் அவர். அது அவளுக்கு ஒரு மாதத்துக்குப் போதும்.

இரண்டு நாள்தான் நிலைத்தது. மூன்றாம் நாள் தையல்காரர் மறுபடி வந்தார். போனை நீட்டினார்.

"அந்த எழுத்தை எடுத்துக் குடுத்துரும்மா."

போனை வாங்கும்போதே, அன்று சாயங்காலம் கோப்புகளை அழித்தது அவளுக்கு நினைவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் கம்ப்யூட்டரைத் திறந்து, இல்லாத கோப்பைத் தேடுவது போல் கொஞ்ச நேரம் தேடினாள். போனுக்குள் பார்த்தாள். பட்டை போட்ட படம் மட்டும் இருந்தது. அதன் மேல் எத்தனை தடவை தட்டினாலும் எழுத்து அசையவில்லை. எழுத்தும் படமும் ஒரே தோலாகிவிட்டிருந்தன.

"வேற காப்பி எங்கயாவது இருக்காண்ணே? யாருக்காவது அனுப்பியிருப்பீங்க?"

"எனக்கு அனுப்பவெல்லாம் தெரியாதும்மா. எதுக்குக் கேக்குற?"

அவள் சொன்னாள். மென்று விழுங்கித்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள். எழுத்துக்கு அடியில் இப்போது ஒன்றும் இல்லை, எழுத்து மட்டும்தான் இருக்கிறது என்று அவருக்குப் புரிய வைக்க ஐந்து நிமிடம் ஆனது. புரிந்ததும் தையல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அதுல எங்க பையன் இருந்தாம்மா" என்றார்.

கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. ஐந்து மாதம் இருந்தான். அவனுக்கு மூன்று மாதம் ஆகும்போது பக்கத்து வீட்டுப் பெண் விளையாட்டாக எடுத்துக் கொடுத்த படம் அது. வேறு படம் எடுக்கவில்லை. பிள்ளை எங்கே போகப் போகிறான், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். அவன் போன பிறகு அந்தப் படம்தான் அவர் மனைவியைப் பிடித்து வைத்திருந்தது. போனைக் கையில் கொடுத்துவிட்டால் மணிக்கணக்காக வைத்துப் பார்த்துக்கொண்டு ஓர் இடத்தில் இருப்பாள். அன்றைக்குப் போன் கையில் இல்லாததால்தான் பிள்ளையைத் தேடிக்கொண்டு எழுந்து போனாள்.

"இப்ப போனைக் குடுத்தா, ஏன் சிவப்புத் துணி போட்டு மூடி வச்சிருக்கீங்கன்னு கேக்குறா. மூச்சு முட்டும்னு சொல்லி நகத்தால சுரண்டுறா. நேத்து ரெண்டு தடவை வெளியே ஓடிட்டா. நான் கதவைப் பூட்டிட்டு வந்திருக்கேன்." கோபமே இல்லாமல், "நீதான் எடுத்துடலாம்னு சொன்னியேம்மா" என்றார்.

அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. லேயர் அக்கா அந்தப் படத்தை இருபது நிமிடம் கண்ணுக்கு முன் வைத்திருந்தாள். பெரிதாக்கியிருக்கிறாள், நகர்த்தியிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. வெள்ளையாக ஓர் இடம்தான் வந்தது. தான் செய்த பிழைகளில் எது பெரியது என்று பிற்பாடு அவள் பல தடவை யோசித்ததுண்டு. கோப்பை அழித்தது இல்லை, பழையதன் மேல் எழுதியது இல்லை. அந்த முகத்தைப் பார்க்காமலே விட்டதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அழிந்த கோப்பை மீட்க ஏதேதோ இலவச மென்பொருள்களை இறக்கிப் பார்த்தாள். உடைந்த படங்கள் நூற்றுக்கணக்கில் மேலே வந்தன. காலை வணக்கக் குமாஸ்தா பாதி முகத்தோடு பன்னிரண்டு தடவை வந்தார். பிள்ளை வரவில்லை. முதலாளி எட்டிப் பார்த்து, "இதுக்கெல்லாம் நாம பொறுப்பு இல்ல. அதான் போர்டு மாட்டியிருக்குல்ல?" என்றார். இருந்தது. 'வாடிக்கையாளர் கோப்புகளுக்குக் கடை பொறுப்பல்ல' என்று சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. அவள் போட்டுக் கொடுத்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தையல்காரர் வீட்டுக்குப் போனாள். கதவில் வெளிப்பக்கம் பூட்டு; தையல்காரர் வந்து திறந்துவிட்டார். சட்டைகள் அடுக்கிய அறைக்குள் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, போன் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பாள், பார்ப்பாள், மறுபடி துடைப்பாள். லேயர் அக்காவைப் பார்த்து, "இதைக் கழட்டத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள். 

லேயர் அக்கா வாசலுக்கு வந்து தையல்காரரிடம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, வேற ஒரு குழந்தையை அந்த இடத்துல வச்சுத் தர முடியும். ஒட்டினது தெரியாது. ஆனா அது உங்க பையன் இல்ல."

அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்குத் தெரியாதா?"

"தெரியலாம். தெரியாமலும் போகலாம்."

"எனக்குத் தெரியும்" என்றார். பிறகு, "சரி, வை. நாள் பூரா பூட்டி வைக்க முடியல" என்றார்.

"பையன் எப்படி இருப்பாண்ணே?"

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடும் மனிதர். வாயைத் திறந்தார், மூடினார். "குழந்தை மாதிரி இருப்பான்" என்றார். "வெள்ளைத் துணி. கால் மட்டும் வெளியே." அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

யாரோ பெற்ற பிள்ளையின் படத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்ட அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில் தன் மகளின் மூன்று மாதப் படங்கள் இருந்தன. கணவர் தூங்கிக்கொண்டிருக்க, மகளிடம் கிசுகிசுப்பாக விஷயத்தைச் சொன்னாள்.  மகள் பெட்டியிலிருந்து ஆல்பத்தை எடுத்து அவளே புரட்டினாள்.

"அழற போட்டோ வேண்டாம்மா. இந்தச் சிரிக்கிறதை வை. அவங்க பார்த்துக்கிட்டே இருக்கப் போறாங்க இல்ல?"

லேயர் அக்கா வாழ்நாளில் அவ்வளவு பொறுமையாக ஒரு வேலையைச் செய்ததில்லை. பட்டையை வெட்டினாள். தாயின் கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் கை வரைந்தாள். சேலை மடிப்பைப் பக்கத்திலிருந்து நகல் எடுத்து நிரப்பினாள். மகளின் முகத்தை வெட்டி வைத்து, நிறத்தைக் குறைத்து, வெளிச்சத்தை ஒரே பக்கத்துக்குத் திருப்பினாள். கீழே வந்தபோதுதான் அதைக் கவனித்தாள். மெஷின் தின்றுவிடும் என்று அவள் விட்டு வைத்திருந்த விரல் அகல இடத்தில், துணிக்கு வெளியே, ஒரு சின்னக் கால். ஐந்து விரல்களில் சுண்டு விரல் மட்டும் மற்றதன் மேல் ஏறியிருந்தது. அந்தப் பிள்ளையில் மிச்சம் அதுதான். அதைத் தொடவில்லை. மகளின் உடம்பை அந்தக் காலுக்கு ஏற்ப வளைத்துப் பொருத்தினாள். மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் மூன்று பெயரில் சேமித்தாள். முதலாளி சட்டத்தை அன்று முதன்முறையாக மீறினாள், இன்று வரை மீறிக்கொண்டிருக்கிறாள்.

அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், தையல்காரரின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். தையல்காரர் போனை வாங்கிப் பார்த்தார். மனைவியிடம் கொடுத்தார்.

அந்தப் பெண் பார்த்தாள். முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். பட்டை இல்லை. போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.  அந்த அகலமான முகம் மெல்ல மலர்ந்தது. புருஷனைப் பார்த்து, தெரு வரை கேட்கும் குரலில் சொன்னாள்:

"இங்க பாருங்க, முழிச்சுக்கிட்டான்!"

அவன் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் படத்தில் அவன் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். லேயர் அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தையல்காரர் திரும்பி நின்று, அடுக்கியிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அந்தப் பெண் வீட்டை விட்டுப் போகவில்லை. முன்பு பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது நாளெல்லாம் அவனோடு பேசுகிறாளாம், சிரிக்கிறாளாம். கதவுக்குப் பூட்டு வேண்டியிருக்கவில்லை. தெருவில் எல்லோரும் லேயர் அக்காவைப் புகழ்ந்தார்கள். எங்கள் தெருப் பெண்மணி என்று காலை வணக்கக் குமாஸ்தா அவளைப் பற்றி நாலு பேருக்கு அனுப்பவும் செய்தார். அவள் அந்தப் புகழைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. யாராவது ஆரம்பித்தால் ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து குனிந்துகொள்வாள்.

இரண்டு வாரம் கழித்து தையல்காரர் கடைக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார். வரிசையில் எல்லோரும் போகும் வரை ஓரமாக நின்றுவிட்டு, பிறகு கிட்டே வந்தார்.

"அவ நல்லா இருக்காம்மா. அந்தப் பிள்ளைகிட்ட ஒரே பேச்சு." கழுத்து டேப்பை இழுத்து இழுத்து விட்டார். "அவளுக்கு இப்ப அதுதான் அவன். நேத்து நான் கண்ணை மூடி அவன் முகத்தை நினைச்சுப் பார்த்தேன். சிரிக்கிற முகம்தாம்மா வருது. உன் பொண்ணு முகம். தூங்குற முகம் வரமாட்டேங்குது."

 மன்னிப்பு கேட்கலாம் என்றால் லேயர் அக்கா அதை முன்பே கேட்டாயிற்று. 

"அந்தப் பழைய படம் இருக்கா? காணவில்லைன்னு போட்டது?"

"இருக்குண்ணே." இப்போது எல்லாம் இருக்கிறது. திறந்தாள். சிவப்புப் பட்டை திரையை நிறைத்துக்கொண்டு வந்தது.

அவர் விரல் பட்டையைத் தாண்டிக் கீழே போய், அந்தச் சின்னக் காலின் பக்கத்தில் நின்றது. கண்ணாடியைத் தொடவில்லை. "இது அவனோடதுதானே? நீ ஒண்ணும் பண்ணலியே?"

"தொடவே இல்லண்ணே."

"அவ வயித்துல இருக்கும்போது எங்கயோ அழுத்தியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு, அந்தச் சுண்டு விரலை. நடக்கும்போது சரியாயிடும்னாரு." சிறிது நேரம் பார்த்தார். "இதை மட்டும் பெருசாப் போட்டுக் குடும்மா. நான் மெஷின்கிட்ட வச்சுக்கிறேன்."

அவள் பட்டையை விட்டுவிட்டுக் காலை மட்டும் வெட்டினாள். பெரிதாக்கினாள். பெரிதாக்க ஆக்க அது மங்கலாகியது. ஓரங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. கால் என்று தெரிந்தது, விரல் ஏறியிருப்பது தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிதாக்காமல் நிறுத்தினாள். சுற்றிலும் வெள்ளைத் துணி. பதினொரு வருடப் பழக்கம்; அவளை அறியாமலே மவுஸ் எழுத்துப் போடும் பட்டனிடம் போய் நின்றது.

"எழுத்து எதுவும் வேண்டாம்மா" என்றார் தையல்காரர்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, பிரிண்டரில் காகிதம் வைக்க எழுந்தாள்.